வில்லியம்சன் ஆம்ப்ளிஃபயரும் கல்கத்தாவின் கைவண்ணமும்

சீவக சிந்தாமணியில் காந்தருவதத்தையார் இலம்பகம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். இசைப் போட்டிக்கு வந்த சீவகன், கொடுத்த யாழை வாங்கி உடனே வாசித்துவிடவில்லை. ஒன்றைப் பார்த்து இது நீரில் கிடந்து அழுகிய மரம் என்றான்; இன்னொன்று இடி விழுந்த மரம் என்றான்; நரம்புக்குள் மயிர் இருப்பதையும் எடுத்துக் காட்டினான். வெளிப்பார்வைக்கு எல்லாமே அழகான யாழ்கள்தான். குற்றம் உள்ளே இருந்தது. திருத்தக்கதேவர் சொன்ன இந்த விஷயம் எனக்கு முழுசாகப் புரிந்தது அறுபது வயதுக்கு மேல், கல்கத்தா சாந்தினி சந்தையில்தான். பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர் ஒன்றை அச்சு அசலாகச் செய்து பார்க்கும் ஆசையில் அங்கே அலைந்தேன்.

வால்வு என்பது காற்றை வெளியேற்றிய கண்ணாடிக் குழல். உள்ளே சூடேறிய கேத்தோடிலிருந்து ஆனோடுக்கு எலெக்ட்ரான்கள் பாயும். நடுவிலுள்ள கிரிட் என்னும் கம்பி வலை அந்தப் பாய்ச்சலைக் கூட்டும், குறைக்கும். இப்படித்தான் சிறிய ஓசைக்குறி பெரிய மின்னோட்டத்தை ஆட்டிவைக்கிறது.

இந்த வித்தை கல்கத்தாவுக்கு வந்த வழியில் நம்மவர் ஒருவரும் நிற்கிறார். 1907-ல் இங்கே அரசு வேலைக்கு வந்த சி.வி. ராமன், பௌபஜார் தெரு 210-ஆம் எண் கட்டடத்தில், வேலை போக மிச்ச நேரத்தில் ஆராய்ச்சி செய்தார். மிருதங்கத்தின் மேற்சுரங்கள் பற்றி 1920-ல் கட்டுரை வெளியிட்டவர் அவர். அவரிடம் ஆராய்ச்சி பழகிய சிசிர் குமார் மித்ரா பிரான்சுக்குப் போய் ரேடியோ வால்வுகளைப் பற்றிக் கற்று, 1923-ல் திரும்பி வந்து, கல்கத்தா பல்கலைக்கழகத்தில் ரேடியோ படிப்புக்கு அடிகோலினார். 1927 ஆகஸ்ட் 26-ல் கல்கத்தா வானொலி பேசத் தொடங்கியது.

அதே ஆகஸ்ட் மாதம் 2-ஆம் தேதி, அமெரிக்காவில் ஹெரால்ட் பிளாக் என்பவருக்குப் படகில் வேலைக்குப் போகும்போது ஒரு யோசனை தோன்றியது. வெளிவரும் ஓசைக்குறியில் கொஞ்சத்தை எடுத்து, தலைகீழாக்கி, உள்ளே திருப்பிவிட்டால் ஆம்ப்ளிஃபயர் தன் பிழையைத் தானே திருத்திக்கொள்ளும். எதிர்ப் பின்னூட்டம் என்பது இதுதான்.

இதை வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுவந்தவர் டி.டி.என். வில்லியம்சன் என்ற 24 வயது இளைஞர். 1947 ஏப்ரல், மே மாதங்களில் ‘வயர்லெஸ் வேர்ல்டு’ என்ற பிரிட்டிஷ் பத்திரிகையில் தன் ஆம்ப்ளிஃபயரின் முழு வரைபடத்தையும் வெளியிட்டார். கடைசிக் கட்டத்தில் இரண்டு கேடி 66 வால்வுகள். 15 வாட் சக்தி. ஓசைத் திரிபு 0.1 சதவீதத்துக்கும் குறைவு. உலகமெங்கும் ஆர்வலர்கள் அதைப் பார்த்துச் செய்தார்கள்.

அதன் உயிர்நிலை வால்வில் இல்லை, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் இருக்கிறது. இரண்டு கூடுகள். ஒவ்வொன்றிலும் பிரைமரி கம்பி 5 பகுதி, பகுதிக்கு 440 சுற்று. அவற்றின் இடையிடையே செகண்டரி 4 பகுதி, பகுதிக்கு 84 சுற்று. அடுக்குக்கு அடுக்கு காகிதம். இப்படி மாற்றி மாற்றிச் சுற்றினால்தான் காந்தப் புலம் வெளியே கசியாமல், உச்ச சுருதி வரை ஓசைக்குறி காலம் தவறாமல் வந்து சேரும். தவறினால் திருத்த வேண்டிய பின்னூட்டமே பிழையைப் பெருக்கிவிடும்.

எனக்கு அதுதான் நடந்தது. முதலில் கொடுத்த இடத்தில், “சுற்றுக் கணக்கு சரியா இருந்தா போதும் சார், பகுதி பிரிக்கிறதெல்லாம் வெட்டி வேலை” என்று மொத்தமாகச் சுற்றிக் கொடுத்துவிட்டார்கள். பார்க்கப் பளபளவென்று இருந்தது. பின்னூட்டக் கம்பியை இணைத்ததும் காதுக்கு எட்டாத அதிர்வு கிளம்பி, கேடி 66-ன் ஆனோடு சிவக்க ஆரம்பித்தது. பாய்ந்து போய் ஸ்விட்சை அணைத்தேன். உள்ளே 450 வோல்ட், விளையாட்டில்லை. அப்போதுதான் சீவகன் நினைவுக்கு வந்தான்.

பிறகு பௌபஜார் சந்து ஒன்றில் வயதான வங்காளி மிஸ்திரி ஒருவர் கிடைத்தார். வரைபடத்தை நிதானமாகப் படித்தார். ஒவ்வொரு அடுக்கு முடிந்ததும் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, கையால் சுற்றினார். நாலு நாள் ஆச்சு. “இதை இப்போ யாரும் கேட்பதில்லை தாதா, என் மகனும் கற்றுக்கொள்ளவில்லை” என்றார். அந்தப் பேச்சு இன்னும் மனசில் உறுத்துகிறது.

அன்று இரவு டம்டம் ஆலையில் அச்சான பழைய தமிழ் இசைத்தட்டு ஒன்றைப் போட்டோம். பாடியவர் மூச்சு வாங்கும் இடம்கூடக் கேட்டது. பக்கத்தில் பேரன் உட்கார்ந்து, வால்வின் செந்நிற ஒளியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“இது நகல்தானே தாத்தா?” என்றான். சமணர்களாகிய நாங்கள் நான்கு தானம் சொல்வோம்: உணவு, மருந்து, அடைக்கலம், சாத்திரம். வில்லியம்சன் வரைபடத்தை அச்சில் போட்டது சாத்திர தானம். தானத்தை வாங்கிப் பயன்படுத்துவது எப்படி நகலாகும்? ஆனால் தானம் காகிதத்தோடு நின்றுவிட்டால் பயனில்லை. அந்த 440 சுற்றைப் பொறுமையாக எண்ணும் கை ஒன்று வேண்டும். நம் பிள்ளைகளில் ஒருவராவது விடுமுறையில் அந்த மிஸ்திரியின் பக்கத்தில் போய் உட்கார வேண்டும். என் பேரனை நான் அனுப்பப் போகிறேன்.