மீள்தொடக்கத்தின் சுமை: ஜப்பானியக் காட்சிப் புதின விளையாட்டுகளில் காப்பியத்தன்மை (1983–2006)

ஆய்வுச்சுருக்கம்

காட்சிப் புதின விளையாட்டில் ஒரு கதையைக் காப்பியமாக உயர்த்துவது அதன் நீளமோ போர்க்களப் பரப்போ அன்று. தோல்வியுற்ற முடிவுகளை அழித்துவிடாமல் கதைக்குள்ளேயே சுமந்து செல்லும் அமைப்பே ஆகும் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. இதற்கு 1983 முதல் 2006 வரை வெளிவந்த ஜப்பானியப் படைப்புகள் சில சான்றாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: காட்சிப் புதினம், காப்பியத்தன்மை, கிளைக்கதை, மீள்தொடக்கம், ஹிகுராஷி.

முன்னுரை

விஷுவல் நாவல் எனப்படும் காட்சிப் புதினம், திரையில் தோன்றும் உரைநடையைப் படம், இசை, ஒலி ஆகியவற்றின் துணையுடன் வாசித்துச் செல்லும் விளையாட்டு வகையாகும். பல படைப்புகளில் வாசகர் சில இடங்களில் மாந்தரின் செயலைத் தெரிவு செய்வார். அதற்கேற்பக் கதை கிளைக்கும். பல்லாயிரம் திரைகளாக விரியும் படைப்புகளும் இவ்வகையில் உள்ளமையால், அளவையே காப்பியத்தன்மையாகக் கருதும் போக்கு எளிதில் தோன்றுகிறது. இவ்வகையின் வரலாறு அதற்கு மாறான விடையைத் தருகிறது.

புதிரிலிருந்து மீள்வாசிப்புக்கு

யூஜி ஹோரி உருவாக்கி 1983-இல் எனிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட 'போர்டோபியா தொடர் கொலை வழக்கு' துப்பறியும் புதிராகவே அமைந்தது. 1992-இல் சுன்சாஃப்ட் நிறுவனத்தின் 'ஒட்டோகிரிசோ', திரை முழுவதும் உரையைப் பரப்பி, மீண்டும் வாசிக்குந்தோறும் மாறும் கதையை அளித்தது. அந்நிறுவனத்தின் 'கமாய்தாச்சி நோ யோரு' 1994-இல் வந்தது. பனி சூழ்ந்த விடுதியில் நிகழும் கொலைகளே அதன் பொருள். தவறான தெரிவு மரணத்தில் முடியும். வாசகர் மீண்டும் தொடங்கி, முன்பு பெற்ற அறிவைக் கொண்டு கொலையாளியை நெருங்குவார். கதைத்தலைவனோ அம்மரணங்களை அறியான். வாசகரின் அறிவும் மாந்தரின் அறிவும் பிரிந்து நின்ற கட்டம் இது.

ஹிரோயுகி கன்னோ படைத்து 1996-இல் எல்ஃப் நிறுவனம் வெளியிட்ட 'யூ-நோ' இவ்விடைவெளியைக் குறைத்தது. அதில் தலைவன் கையிலுள்ள கருவி கிளைவழிகளின் வரைபடத்தைக் காட்டுகிறது. அதற்குரிய மணிகளைப் பயன்படுத்தி அவன் கடந்த இடத்துக்குத் திரும்புகிறான். சேமித்து மீளுதல் என்னும் விளையாட்டு வசதி இங்குக் கதைநிகழ்வாயிற்று.

2004-இல் டைப்-மூன் வெளியிட்ட 'ஃபேட்/ஸ்டே நைட்' வேறு வழியை மேற்கொண்டது. கினோகோ நாசு எழுதிய இக்கதையில் ஒரே போர் மூன்று வழிகளில் விரிகிறது. அவற்றை வாசிக்கும் வரிசையும் வரையறுக்கப்பட்டுள்ளது. எல்லாரையும் காக்கும் வீரனாக வேண்டும் என்னும் தலைவனின் இலட்சியம் முதல் வழியில் முன்வைக்கப்படுகிறது. இரண்டாவதில் வினாவுக்கு உள்ளாகிறது. மூன்றாவதில் ஒருத்தியின் பொருட்டுக் கைவிடப்படுகிறது. போரின் பரப்பைவிட, ஓர் அறம் மும்முறை சோதிக்கப்படுவதே இதற்குக் கனத்தைத் தருகிறது.

ஹிகுராஷி: ஓர் ஊரின் காப்பியம்

இப்போக்கின் முழுமையான வடிவம் ரியூகிஷி07 எழுதிய 'ஹிகுராஷி நோ நகு கோரோ நி' ஆகும். 2002 முதல் 2006 வரை எட்டுப் பகுதிகளாக வெளிவந்த இதில் முதல் நான்கும் வினாக்களை எழுப்ப, பின் நான்கும் விடைகளைத் தருகின்றன. கதையைக் கிளைக்கச் செய்யும் தெரிவுகள் இதில் இல்லை. 1983 ஜூன் மாதத்தில் ஹினமிசாவா என்னும் மலையூரில் நிகழும் கொடுமைகள் வெவ்வேறு வடிவில் திரும்பத் திரும்ப வருகின்றன. ஃபுருடே ரிகா என்னும் சிறுமி நூறாண்டளவு மீண்டும் மீண்டும் இறந்து, அந்நினைவுகளைச் சுமப்பவள் என்பது பின்னரே தெளிவாகிறது. முன்பு வாசகருக்கு மட்டும் உரியதாக இருந்த தோல்வியறிவு இங்கு மாந்தரின் துயரமாகிறது.

அணைத் திட்டத்தை எதிர்த்த ஊரார், அதை ஆதரித்த ஹோஜோ குடும்பத்தை ஒதுக்கிவைத்தனர் என்பது கதையின் பின்புலம். போருக்குப் பிந்தைய ஜப்பானில் அணைகளால் மலையூர்கள் மூழ்கிய வரலாறு இதற்குப் பொருள் சேர்க்கிறது. ஏழாம் பகுதியில் அக்குடும்பச் சிறுமி சடோகோவைக் கொடுமையிலிருந்து மீட்க, நண்பர்கள் தொடங்கிய முறையீட்டில் ஊராரும் இணைகின்றனர். அணையை எதிர்த்துத் திரண்ட ஒற்றுமை, ஒதுக்கப்பட்டவளுக்காக மீண்டும் திரள்கிறது. ஆயினும் அப்பகுதியும் அழிவிலேயே முடிகிறது. அத்தோல்வி தந்த நம்பிக்கையைக் கொண்டே எட்டாம் பகுதியில் விதி வெல்லப்படுகிறது.

ஒப்பற்ற தலைவனைப் பெருங்காப்பிய இலக்கணமாகத் தண்டியலங்காரம் கூறும். ஹிகுராஷியில் தனியொருவரால் வெற்றி வாய்ப்பதில்லை. நினைவைச் சுமக்கும் ரிகாவும் பிறரை நம்பும்வரை தோற்கிறாள். தலைமை ஒருவரிடமிருந்து ஊருக்கு இடம்பெயர்கிறது.

முடிவுரை

மேற்கண்டவற்றால், காட்சிப் புதினத்தின் காப்பியத்தன்மை மீள்தொடக்கத்தைக் கையாளும் முறையில் அமைகிறது எனலாம். முன்சென்ற தோல்வியை மறக்கச் செய்யும் மீள்தொடக்கம் விளையாட்டு வசதியாகவே நின்றுவிடுகிறது. அத்தோல்வியை நினைவாகவும் பொறுப்பாகவும் ஆக்கும்போதே ஒரு மாந்தரின் கதை ஒரு சமூகத்தின் கதையாக விரிகிறது. தெரிவு வாய்ப்புகளின் எண்ணிக்கையைக் கொண்டு இவ்வகையை மதிப்பிடும் அளவுகோல் மறுஆய்வுக்கு உரியது. ஏறத்தாழத் தெரிவுகளே இல்லாத ஹிகுராஷி அதற்கு வலுவான சான்றாகும்.