இலக்கமுறைக் கையொப்பத்தின் வரலாறு

கைப்பட இடும் ஒப்பம் எத்தாளிலும் ஏறத்தாழ ஒரே வடிவினது. கணினிக் கோவையிலோ அத்தகைய ஒப்பத்தைப் பெயர்த்தெடுத்துப் பிறிதொரு கோவையில் ஒட்டிவிடுதல் எளிது. ஆதலின், அங்கு ஒப்பமானது கோவைக்குக் கோவை வேறுபடல் வேண்டும். எவரும் அதனைச் சரிபார்க்கக் கூடியதாதல் வேண்டும். உரியவரன்றிப் பிறர் ஆக்கவொண்ணாததாதலும் வேண்டும். 1976ஆம் ஆண்டிலே டிஃபி, ஹெல்மன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் இத்தேவையைத் தெளிவுற எடுத்துரைத்தனர். நடைமுறைக்கேற்ற வழியை மறு ஆண்டிற் கண்டோர் மசச்சூசெற்ஸ் தொழினுட்பக் கழகத்தைச் சார்ந்த றிவெஸ்ற், ஷமிர், அடில்மன் என்னும் மூவராவர். இரு பெரிய முதன்மை எண்களைப் பெருக்குதல் எளிது. பெருக்கத்தினின்று அவற்றைப் பிரித்தறிதல் மிக அரிது. அவ்வருமையே அம்முறைக்கு அரண்.

ஒப்பமிடுவோரிடம் திறவுகோல்கள் இரண்டு உள. ஒன்று மறைவாகக் காக்கப்படுவது. மற்றையது யாவர்க்கும் வழங்கப்படுவது. மறைவானதால் இட்ட ஒப்பத்தை வெளிப்படையானதாற் சரிபார்க்கலாம். 1991இல் சிம்மர்மன் வெளியிட்ட பிஜிபி என்னும் மென்பொருளும், 1999இல் ஜேர்மனியரான வேர்னர் கொக் முதற்பதிப்பாக நிறைவுசெய்த ஜினுபிஜி என்பதும் இவ்வசதியைப் பொதுமக்கள் கைக்கு எட்டச் செய்தன.

ஈண்டு நுணுகி நோக்கற்பாலது ஒன்றுண்டு. பூச்சியமும் ஒன்றுமாய் நீண்டு கிடக்கும் கோவை முழுவதற்கும் ஒப்பம் இடப்படுவதில்லை. கோவையிலிருந்து கணித்துப் பெறும் குறுகிய சுருக்கெண்ணுக்கே இடப்படுகின்றது. வெவ்வேறான கோவைகள் இரண்டிற்கு ஒரே சுருக்கெண் அமையுமாறு செய்தல் கூடுமாயின், ஒன்றன் ஒப்பம் மற்றையதற்கும் செல்லுபடியாகிவிடும். றிவெஸ்ற் 1991இல் வகுத்த எம்டி5 என்னும் முறைக்கு இக்கதியே நேர்ந்தது. சீன அறிஞரான வாங் சியாவோயுன் அம்மையாரும் அவர்தம் குழுவினரும் 2004இல் அத்தகைய சோடிகளை ஆக்கிக் காட்டினர். அதன் பின்னரும் மைக்கிரோசொவ்ற் நிறுவனத்தின் ஒரு பிரிவு அப்பழைய முறையாலேயே சான்றிதழ்கள் வழங்கி வந்தது. 2012இல், ஈரான் முதலிய நாடுகளிற் பரவியிருந்த பிளேம் என்னும் வேவு நிரலை ஆராய்ந்தோர், அது அந்நிறுவனத்தின் ஒப்பம் போலத் தோன்றும் பொய்யொப்பம் தாங்கி, புதுப்பித்தற் கோவையாக வேடம்பூண்டு கணினிகளுட் புகுந்தமையைக் கண்டனர். எட்டாண்டு முன்னரே எச்சரிக்கை கிடைத்திருந்தமையால், இதனைக் கணிதத்தின் குறையென்பது பொருந்தாது. காவலரின் அசட்டையென்பதே பொருந்தும்.

2010இல் வெளிப்பட்ட ஸ்ரக்ஸ்நெற்றின் செய்தி இதனினும் வேறானது. அதனுடன் வந்த கோவைகள் தாய்வான் நிறுவனங்கள் இரண்டின் மறைத் திறவுகோல்களால் ஒப்பமிடப்பட்டிருந்தன. அவ்வொப்பங்கள் பொய்யொப்பங்கள் அல்ல. திறவுகோல்களே களவு போயிருந்தன.