வேதாளைக் கரையில் பறிபோன குராபுகள்

மண்டபத்தை அடுத்து, இராமநாதபுரம் செல்லும் சாலையில் உள்ள சிற்றூர் வேதாளை. தெற்கே மன்னார் வளைகுடா விரிந்து கிடக்கிறது. இராமேசுவரத்திற்கு விரையும் பேருந்துகள் இவ்வூரைக் கணப்பொழுதில் கடந்துவிடுகின்றன. ஹிஜ்ரி 944ஆம் ஆண்டு ஷஅபான் மாத இறுதியில், அதாவது கி.பி. 1538 ஜனவரியின் கடைசி நாள்களில், இக்கரையில் ஒரு போர் நடந்தது என்பதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவர்?

பொன்னானியின் பேரறிஞர் ஷைகு ஜைனுத்தீன் மக்தூம் அவர்கள் அரபியில் எழுதிய 'துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்' நூலில் இப்போர் இடம்பெறுகிறது. அலீ இப்ராஹீம் மரைக்காயர், ஃபகீஹ் அஹ்மது மரைக்காயர், அவர்தம் இளவல் குஞ்ஞாலி மரைக்காயர் ஆகியோர் 42 குராபுகளுடன் மலபாரிலிருந்து காயலை நோக்கிப் புறப்பட்டனர். வேதாளையில் கரையிறங்கிச் சில நாள்கள் தங்கினர். அங்கே போர்த்துக்கீசியர் வந்து தாக்கி, குராபுகள் அனைத்தையும் கைப்பற்றினர் என்று மக்தூம் சுருக்கமாகக் குறிக்கிறார். வந்த தளபதி மார்ட்டிம் அஃபோன்சோ டி சூசா. இலங்கையின் கோட்டை மன்னன் புவனேகபாகுவுக்கும் அவன் தம்பி மாயாதுன்னைக்கும் இடையே நிகழ்ந்த பூசலில், தம்பிக்குத் துணையாகச் சாமூதிரி அனுப்பிய படை இது. அது இலங்கையை எட்டும் முன்பே நம் கரையில் முடிந்துபோயிற்று.

'குராப்' என்றால் அரபியில் காகம். அதே சொல்லைக் கப்பலுக்கும் இட்டு வழங்கினர் அரபுகள். இதற்கும் சிறிய போர்ப்படகு 'பராவ்'. முப்பது நாற்பது பேர் ஏறித் துடுப்பு வலித்தால் காயல்களிலும் குறுகிய ஓடைகளிலும் புகுந்து வெளிவரக்கூடியது. போர்த்துக்கீசியரின் பெருங்கப்பல்களை அலைக்கழித்தது இதுவே. இந்திய அஞ்சல் துறை 2000ஆம் ஆண்டில் குஞ்ஞாலி மரைக்காயர் நினைவாக வெளியிட்ட அஞ்சல் தலையில் இப்படகின் உருவத்தைக் காணலாம். மரத்தால் ஆன பராவையோ குராபையோ காண வேண்டுமெனில், வேதாளையில் மட்டுமன்று, எங்கும் காண இயலாது. வெயிலும் மழையும் கடற்புழுவும் மரத்தை விட்டுவைப்பதில்லை.

பழைய போர்ப்படகுகளையும் அரசப் படகுகளையும் செப்பனிட்டுச் சுற்றுலாவுக்கு விட வேண்டும் என்ற பேச்சு அவ்வப்போது எழுகிறது. தாய்லாந்து இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அயூத்தியா காலத்துப் போர்த்தோணிகளின் வழிவந்த அரசப் படகுகள் பாங்காக்கின் ஒரு கால்வாய்க் கரையில் அருங்காட்சியகமாக விளங்குகின்றன. அன்னத் தலை கொண்ட 'சுபன்னஹோங்' 1911இல் கட்டி முடிக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் குண்டு வீச்சால் அங்கிருந்த படகுகள் பல சேதமுற்றன. பின்னர் அவற்றைச் செப்பனிட்டு, 1957இல் மீண்டும் ஆற்றில் பவனி விட்டனர். அவர்களிடம் மரம் எஞ்சியிருந்தது, மன்னரும் எஞ்சியிருந்தார். நம்மிடம் இரண்டும் இல்லை. எனவே இங்கே செப்பனிடுதல் என்ற சொல்லுக்கு இடமில்லை. புதிதாகக் கட்டுவது ஒன்றே வழி.

அதுவும் இயலாத செயலன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே மூழ்கிய மரக்கலத்தை மாதிரியாகக் கொண்டு ஓமானில் கட்டப்பட்ட 'மஸ்கத்தின் மாணிக்கம்', 2010இல் கொச்சி, காலி வழியாகச் சிங்கப்பூர் சென்று சேர்ந்தது. அஜந்தா ஓவியத்தைப் பார்த்துக் கட்டிய 'கௌண்டின்யா' 2025 மே மாதம் இந்தியக் கடற்படையில் சேர்ந்தது. இரண்டிலும் பலகைகளைப் பிணைப்பது ஆணியன்று, கயிறே. நூஹ் (அலை) அவர்களின் கப்பலைக் குறித்து அல்கமர் அத்தியாயத்தில் வரும் 'துஸுர்' என்ற சொல்லுக்கு ஆணிகள் என்பதே பரவலான விளக்கம். பலகைகளைக் கட்டும் நார்க்கயிறு என்ற பொருளையும் அரபு அகராதிகள் தருகின்றன. ஆணியில்லாத கப்பலை நேரில் கண்டவருக்கு அந்த இரண்டாம் பொருள் வியப்பளிக்காது.

கட்ட முடியும். ஆனால் எதைக் கட்டுவது? வேதாளைக்குப் பொருத்தம் குராபுதானே என்று நம்மில் பலர் உடனே சொல்வர். பீரங்கியும் கொடியுமாக ஒரு குராபைச் செய்து, பயணிகளை ஏற்றிக் குஞ்ஞாலியின் வீரத்தைச் சொல்லலாம், கூட்டமும் சேரும். நமக்கு இதில் தயக்கம் உண்டு.

1538ஐத் தனியே எடுத்துப் பேசுவது நேர்மையாகாது. அதற்கு முந்தைய சில ஆண்டுகளில், முத்துக்குளிக்கும் உரிமை தொடர்பாக இக்கடற்கரையின் பரதவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் கடும் பகை மூண்டது. நெருக்குதலுக்கு ஆளான பரதவர்கள் கொச்சிக்குத் தூது அனுப்பிப் போர்த்துக்கீசியரின் காவலை வேண்டினர். 1535 முதல் 1537 வரை ஆயிரக்கணக்கில் கத்தோலிக்க மார்க்கத்தைத் தழுவினர். நாம் தோல்வி என்று குறிக்கும் வேதாளைப் போர், அவர்களின் வரலாற்றில் விடுதலையாகவே நினைவுகூரப்படுகிறது. கடல்வழியையும் வாணிபத்தையும் பீரங்கியால் பறித்த போர்த்துக்கீசியரின் கொடுமையை நாம் குறைத்துச் சொல்லவில்லை. மக்தூம் அவர்கள் அந்நூலை எழுதியதே அக்கொடுமையைக் கண்டுதான். ஆயினும் அண்டை வீட்டார் எதற்காக அந்நியரை அழைத்தனர் என்ற வினாவையும் நாம் எதிர்கொள்ள வேண்டும். நமக்கே பாதகமாயினும் நீதிக்குச் சாட்சி சொல்லுமாறு கட்டளையிடப்பட்டவர்கள் நாம். பயணச்சீட்டு வாங்கி ஏறும் ஒரு போர்ப்படகில் இவ்வளவையும் சொல்வதற்கு வழிகாட்டி ஒருவன் துணிவானா என்பது ஐயமே.

முத்துக்குளிப்புத் தோணியோ வேறு கதை சொல்லும். பிற்காலச் சலாபங்களில் தூத்துக்குடிப் பரதவரும் கீழக்கரை முஸ்லிம்களும் அதே பார்களில் மூழ்கினர். காலில் கல்லைக் கட்டி இறங்கி, மூச்சடக்கிச் சிப்பி பொறுக்கி, கயிற்றை இழுத்ததும் மேலே வந்தனர். கயிற்றைப் பிடித்திருப்பவனின் கையில்தான் மூழ்கியவனின் உயிர். சேதுபதி மன்னர்களுக்கும் இச்சலாபத்தில் உரிமை இருந்தது. ஆகவே அரசப் படகு வேண்டும் என்போருக்கும் அது குறையன்று. தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். அதன் நினைவைச் சுமப்பவர்கள் இப்போது முதியவர்களே.

ஆற்றுப் பயணம் என்பது நம் மாவட்டத்திற்குப் பொருந்தாது. வைகை கடலைத் தொடுவதே அரிது. அதன் நீர் பெரும்பாலும் கண்மாய்களில் அடங்கிவிடும். ஆழமற்ற பாக் நீரிணையும், காரங்காட்டின் அலையாத்திக் காடுகளுமே நமக்கு ஆறு. காரங்காட்டில் வனத்துறை ஊர் மக்களைக் கொண்டே படகுச் சவாரி நடத்துகிறது. அவ்வேற்பாடு நமக்குப் பிடித்திருக்கிறது. கேரளத்தில் நெல் சுமந்த கெட்டுவள்ளங்கள் சாலைகள் வந்தபின் வேலையிழந்து, வீட்டுப்படகுகளாக உருமாறின. தொழில் பிழைத்தது, கயிற்றால் தைக்கும் கைகளும் பிழைத்தன. வேம்பநாட்டுக் காயலோ கழிவால் நிறைந்தது. இங்கே கடலுக்குள் இருப்பது பவளப்பாறையும் கடற்புல்லும். அங்கே போல இங்கும் பெருக விட்டுவிடலாகாது.

இன்னொன்றும் உண்டு, அதுவே அவசரமானது. தொண்டி முதல் முத்துப்பேட்டை வரை மூன்று பாய்மரம் விரித்து, கவிழாதிருக்கக் குறுக்குப் பலகை நீட்டி ஓடிய வத்தைகளைக் கட்டிய ஓடாவிகள் அருகிவருகின்றனர். இன்று கரையெங்கும் பைபர் படகுகள். அச்சில் வார்த்தெடுக்கும் அவற்றிற்கு ஓடாவியின் கண்ணளவு தேவையில்லை. பெரும்பாலான ஓடாவிகளிடம் வரைபடம் கிடையாது. எந்த வளைவுக்கு எந்த மரக்கிளை என்பது அவர்களின் நினைவில் மட்டுமே இருக்கிறது. அரசு பணம் ஒதுக்கி, அறிஞர் குழு கூடி, எந்தப் படகு என்று தீர்மானிக்கும்வரை அந்த நினைவு காத்திருக்காது. நம் ஜமாஅத்துகள் மண்டபம் கட்டச் செலவிடுவதில் சிறு பங்கு போதும்: ஓர் ஓடாவியை அமர்த்தி, இளைஞர் நால்வரை அவரிடம் சேர்த்து, ஒரு தோணியைக் கட்டச் சொல்லலாம். அந்த நால்வரில் இருவர் பக்கத்துப் பரதவர் குடியிருப்பிலிருந்து வரட்டும்.