கூலி யாது? கூலி யார்?

நம் முன்னோருள் பெரும்பாலார் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் பினாங்குத் துறையில் வந்திறங்கியவர் என்பதை யாவரும் அறிவர். ஜெரஜாக் தீவில் தொற்றுத்தடைக் காவலில் இருந்தபின் தோட்டங்களுக்குச் சென்ற அவர்களைக் குறிக்க ஆங்கிலத்தில் இரு சொற்கள் வழங்கின. ஒன்று 'கூலி', மற்றொன்று 'லேபரர்'. இரண்டும் ஒருவரையே சுட்டுவனபோல் தோன்றினும், அவற்றின் பொருளும் இலக்கணமும் வெவ்வேறு. அவ்வேற்றுமையை நம்மவர் அறிதல் நலம்.

முதற்கண் தமிழை நோக்குவோம். தமிழில் கூலி என்பது செய்த வேலைக்குப் பெறும் ஊதியம். திருக்குறளின் 619ஆம் குறளில் உடலுழைப்பின் பயன் என்னும் பொருளிலேயே வள்ளுவர் இச்சொல்லை ஆளுகிறார். இஃது அஃறிணைப் பெயர். ஊதியம் பெறும் மனிதனைக் குறிக்கவேண்டின் கூலியாள், கூலிக்காரன் என்று சொல்லுதலே மரபு.

ஆங்கிலத்தில் நேர்ந்ததோ வேறு. 1886ஆம் ஆண்டில் யூல், பர்னெல் என்னும் இருவர் வெளியிட்ட 'ஹாப்சன் ஜாப்சன்' என்னும் அகராதி, இச்சொல்லுக்குக் குஜராத்துக் கோலி இனத்தாரின் பெயரையும் தமிழ்க் கூலியையும் மூலமாகக் காட்டுகிறது. எது மூலமாயினும், ஆங்கிலத்தில் அது மனிதனுக்கே பெயராயிற்று. ஊதியம் என்னும் பொருள் மறைந்தது; 'ஆள்' என்னும் சொல்லும் உதிர்ந்தது.

இதனை ஆகுபெயர் என்று அமைதி கூறுவாரும் உளர். ஊதியத்தின் பெயர் அதைப் பெறுவோனுக்கு ஆகி வந்ததெனின், ஊதியம் பெறுவோனோடு அது நின்றிருத்தல் வேண்டும். 1893ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்கா சென்ற காந்தியார் நாட்கூலிக்கு உழைத்தவரல்லர். எனினும் ஆங்கு அவர் 'கூலி பாரிஸ்டர்' எனப்பட்டார். இந்திய வணிகரும் 'கூலி வியாபாரிகள்' எனப்பட்டனர். தொழிலைச் சுட்டிய சொல் இனத்தைச் சுட்டும் வசையாயிற்று என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

பெயருக்கு முன் அடையாக வருங்காலும் இவ்வேறுபாடு விளங்கும். தமிழ்முறைப்படி 'கூலிக் கப்பல்' என்றால் கூலி பேசி அமர்த்திய கப்பல். ஆங்கிலத்திலோ ஆட்களை ஏற்றிவரும் கப்பல்.

இனி, 'லேபர்' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். இலத்தீனிலிருந்து வந்த இச்சொல் பாடுபடுதலைக் குறிப்பது. இது பெயராகவும் வரும், வினையாகவும் வரும். அதனொடு விகுதி சேர, பாடுபடுவோன் என்னும் பொருளில் 'லேபரர்' பிறக்கிறது. நம் மொழியில் உழைப்பு, உழைக்கிறான், உழைப்பாளி என்பனவும் இத்தன்மையனவே. வினையுள்ள இடத்தில் வினைமுதலும் உண்டு. 'கூலி' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கோ இத்தகைய வினை இல்லை. ஆதலின் அப்பெயரால் அழைக்கப்பட்டவன் ஒன்றைச் செய்வோனாகக் கருதப்படாமல், இத்தனை தலை என்று எண்ணப்படுவோனாகவே கருதப்பட்டான்.

பினாங்கிற்கு எதிர்க்கரையிலுள்ள செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்த ஆட்களாக நம்மவர் உழைத்தனர். 1910ஆம் ஆண்டில் ஒப்பந்த ஆள்சேர்ப்பு நிறுத்தப்பட்டது. பின்னர்க் கங்காணி முறை ஓங்கியது. 1938ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் தடைவிதிக்க, அதுவும் நின்றது. முறைகள் மாறினும் பெயர் மாறவில்லை. கங்காணிமார் 'இருபது கூலி' என்று எண்ணினர். நாமும் நம் குடியிருப்பைக் 'கூலி லயம்' என்றோம். பிறர் சுமத்திய பெயரை நம் வாயாலேயே வளர்த்த பிழை நம்முடையதே.

எனினும், அதனை ஏலாதாரும் நம்மிடையே இருந்தனர். 1941ஆம் ஆண்டில் சிலாங்கூரைச் சேர்ந்த கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர் கூலி உயர்வு கேட்டனர். அத்துடன், துரைமாரைக் கண்டதும் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழியவேண்டும் என்றும் கேட்டனர். தமிழ்ப் பொருளில் கூலியைக் கேட்ட அவர்கள், ஆங்கிலப் பொருளில் கூலியாக இருக்க மறுத்தனர். அவர்கள் அகராதி பார்த்தவரல்லர். ஆயினும் இரு சொற்களின் வேற்றுமையை நன்கு உணர்ந்திருந்தனர்.

நம் பிள்ளைகளுக்கும் இதனை உணர்த்துவோமாக. கூலி நம் கைக்கு வரவேண்டிய பொருள். நமக்கு இடத்தக்க பெயரன்று.