கண்டியில் வளர்ப்பு யானையும் உடைமையாளர் பொறுப்பும்

கண்டி மாநகரின் பெருமைகளுள் யானையும் ஒன்றாம். எசலப் பெரஹராவிலே தலதா மாளிகைப் பேழையைச் சுமந்து செல்லுங் களிற்றைக் கைகூப்பி வணங்குவோர் பலர். அவ்வாறு வணங்கப்பெறும் விலங்கே மிரண்டு வீதியில் ஓடின் விளையுந் தீங்கிற்குப் பொறுப்பாளர் யாவர்? 1959 ஆம் ஆண்டுப் பெரஹராவில் யானை மிரண்டமையால் மக்கள் பலர் மாண்டனர். ஆதலின் இது வெறும் ஏட்டு வினாவன்று.

கண்டி மன்னர் காலத்தில் யானைகள் அரசுடைமையாயிருந்தன. கஜநாயக்க நிலமே என்னும் அதிகாரி அவற்றை மேற்பார்த்தார். 1660 முதல் 1679 வரை அந்நாட்டிற் சிறையிருந்த ரொபேட் நொக்ஸ், குற்றவாளிகளை யானையாற் கொல்விக்கும் வழக்கத்தைக் குறித்துள்ளார். அன்று யானையின் வலிமை அரசாணையின் கருவியாயிருந்தது.

1815 இல் கண்டி ஆங்கிலேயர் வசமாயிற்று. கண்டிச் சட்டம் கூறாது விட்ட விடயங்களுக்குக் கரையோர மாகாணங்களின் உரோமன் டச்சுச் சட்டம் ஏற்குமென 1852 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் விதித்தது. அச்சட்டத்தின் மூலமாகிய உரோமர் நெறி விலங்குகளை இருவகைப்படுத்திற்று. வீட்டு விலங்கு தன் இயல்பிற்கு மாறாகத் தீங்கிழைப்பின், தவறில்லாத உடைமையாளனும் ஈடு செய்தல் வேண்டும். கொடு விலங்கைப் பொதுவழியருகே வைத்திருத்தலோ தடுக்கப்பட்டது. அதனாற் சேதம் நேரின் இருமடங்கு ஈடு விதிக்கப்பட்டது.

யானை எவ்வகையைச் சார்ந்தது? 1957 இல் இங்கிலாந்திலே நீதியரசர் டெவ்லின், பர்மாவிலிருந்து வந்த பழகிய சேர்க்கசு யானையும் சட்டத்தின் கண் கொடு விலங்கே எனத் தீர்த்தார். சிறு நாயின் குரைப்பைக் கேட்டு மிரண்ட யானை அது, சீற்றங்கொண்டதன்று. எனினும் உடைமையாளர் ஈடு செய்யவேண்டியதாயிற்று. வீட்டு விலங்கெனக் கொள்ளின், பிறரால் மிரட்டப்பட்டதெனக் கூறி உடைமையாளர் தப்ப இடமுண்டு. ஆகவே வகைப்பாடே துன்புற்றோரின் நீதியை நிருணயிக்கின்றது.

இலங்கையில் 1883 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை, தன் வசமுள்ள விலங்கைக் கவனமின்றி விடுதலைக் குற்றமாக்கிற்று. 1937 ஆம் ஆண்டின் வனவிலங்கு தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் யானைக்குக் காப்பளித்தது. 2021 இல் வெளியான விதிகள் நாள்தோறும் நீராட்டல், ஆறு திங்களுக்கொருமுறை மருத்துவச் சோதனை ஆகியவற்றைக் கட்டாயமாக்கியதோடு, பாகர் பணிவேளையில் மது அருந்துதலையுந் தடுத்தன.

இவ்விதிகள் யானையை மட்டுமன்றி மக்களையுங் காப்பன. வருந்திய யானையும் மயங்கிய பாகனும் ஒருங்கே கூட்டத்துள் நுழைதல் பேராபத்தன்றோ? யானையாற் பெருமை பெறுபவர் அதன் பொறுப்பையும் ஏற்றலே அறமாகும்.