குறைமாதக் குழந்தையும் தாயின் தகுதியும்

பத்து மாதம் சுமந்து பெறுதல் என்பது தமிழர் வழக்கு. 37 வாரம் நிறையுமுன் பிறப்பதைக் குறைமாதப் பிறப்பு என்கிறது மருத்துவ உலகம். அக்குழந்தையை வீட்டுக்கு அனுப்புமுன், 'இதனைப் பேணும் திறன் இத்தாய்க்கு உண்டா?' என்னும் வினா எழுதல் இயல்பே. ஆயின், அத்திறன் எதனால் அமைகிறது என்பதை வரலாறு காட்டுகிறது.

பாரிசு நகரின் மகப்பேற்று மருத்துவர் பியர் புதேன் 1892இல் கைக்குழந்தைகளுக்கென ஆலோசனை நிலையம் ஒன்றைத் தொடங்கினார். அங்குக் குழந்தைகளை நிறுத்து எடை கண்டனர். தாய்மார்க்குப் பாலூட்டும் முறையைக் கற்பித்தனர். குறைமாதக் குழந்தையைச் சூட்டுப்பெட்டியில் வைத்துத் தாயைப் பிரித்துவிட்டால் அவளது பற்றுக் குன்றக்கூடும் என்பதையும் 1900இல் வெளிவந்த தம் நூலில் அவர் எடுத்துரைத்தார். அருகிருத்தலே திறனை வளர்க்கும் என்பது இதனால் புலனாகும்.

அந்த அருகிருத்தல் நம் பேராக் மாநிலத் தோட்டத் தாய்மார்க்கு எளிதாக வாய்த்ததா? வெயில் ஏறுமுன் பால்மரம் சீவ வேண்டும். எனவே, விடியுமுன் குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டு அவர்கள் பெரட்டுக்கு ஓடினர். குறைமாதக் குழந்தைக்கோ இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பாலூட்ட வேண்டும். 1955ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் 60 நாள் பேறுகால விடுப்பு வழங்கியது. 32ஆம் வாரத்தில் பிறந்த குழந்தையை எண்ணிப் பாருங்கள்: அந்த 60 நாள் கழியும்போதுதான் அது பிறந்திருக்க வேண்டிய நாளே வந்திருக்கும்! அன்றே தாய் உளியை எடுக்க வேண்டும். குழந்தை ஈப்போ மருத்துவமனையிலேயே தங்க நேர்ந்தால், பேருந்துச் செலவும் வீட்டிலுள்ள மற்றப் பிள்ளைகளின் பாடும் அவளைத் தடுத்தன. வர இயலாதவளை அக்கறையற்றவள் எனக் கொள்வது முறையாகுமா? 2023 சனவரி முதல் நாள் தொட்டு இவ்விடுப்பு 98 நாளாக உயர்ந்தது. இதனால் அத்தகைய தாய்க்கு மேலும் ஐந்து வாரத்துக்கு மேல் கிட்டியது.

வறுமையிலும் வழி உண்டு என்பதைக் கொலம்பியா நாடு காட்டியது. சூட்டுப்பெட்டிகள் போதாத பொகோட்டா நகரில், 1978இல் மருத்துவர் எட்கர் ரே, குழந்தையைத் தாயின் மார்போடு அணைத்துவைக்கும் முறையைத் தொடங்கினார். கங்காரு முறை எனப்படுவது அதுவே. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், பிறந்தவுடனே இம்முறையைத் தொடங்கியபோது 28 நாளுக்குள் நேரும் இறப்பு நூற்றுக்கு 15.7இலிருந்து 12 ஆகக் குறைந்தது.

கற்பிக்காத பாடத்தில் தேர்வு வைத்தல் அறமன்று என்பதை ஆசிரியர்களாகிய நாம் அறிவோம். பாலூட்டல், உடற்சூடு காத்தல், மூச்சைக் கவனித்தல், ஆபத்துக்குறி அறிதல் ஆகியவற்றைத் தாய்க்குப் பொறுமையாகக் கற்பித்து, அருகிருக்கக் காலமும் தந்த பின்னரே அவள் திறனை அளத்தல் வேண்டும். அதற்கு முன் அளப்பது தாயின் தகுதியை அன்று. அவளுக்கு நாம் செய்யத் தவறியதையே.