அரை விநாடித் தாமதம் காட்டிக்கொடுத்த பின்வாசல்: தொலைநுழைவுப் பாதுகாப்பு குறித்து ஒரு பார்வை

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் பணியாற்றிவந்த மைக்ரோசாஃப்ட் பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், 2024ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில், தனது சோதனைக் கணினிக்குள் தொலைவிலிருந்து நுழைய வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை விநாடி கூடுதலாகப் பிடிப்பதைக் கவனித்தார். காரணத்தைத் தேடிய அவர், எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளின் 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் மறைத்துவைக்கப்பட்டிருந்த பின்வாசல் ஒன்றைக் கண்டறிந்து, மார்ச் 29ஆம் தேதி பகிரங்கப்படுத்தினார்.

அதன் இலக்கு எஸ்எஸ்எச் எனப்படும் தொலைநுழைவு நெறிமுறை. சென்னையில் இருக்கும் ஒருவர் டெக்சாஸில் உள்ள கணினியை இயக்குவதற்கும், அதற்குக் கோப்புகளை அனுப்புவதற்கும் பெரும்பாலும் இதனையே நம்பியிருக்கிறார்.

இந்த வசதிகள் பழமையானவை. கோப்புப் பரிமாற்றத்துக்கான எஃப்டிபி நெறிமுறையின் முதல் வரைவை, கான்பூர் ஐஐடியின் முதல் அணி மாணவர்களில் ஒருவரான அபய் பூஷண், 1971ஆம் ஆண்டு அமெரிக்காவின் எம்ஐடியில் இருந்தபோது எழுதினார். ஆனால் எஃப்டிபி, டெல்நெட் ஆகிய இரண்டிலுமே கடவுச்சொல் மறைக்கப்படாமல் செல்லும். வழியில் ஒட்டுக்கேட்பவர் அதை அப்படியே படித்துவிடலாம்.

கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் 1983ஆம் ஆண்டு வெளியிட்ட யூனிக்ஸ் பதிப்பில் இருந்த ஆர்லாகின், வேறொரு வழியைக் கையாண்டது. நம்பகமான முகவரியிலிருந்து வருபவரிடம் அது கடவுச்சொல்லே கேட்காது. அந்த முகவரியையே போலியாகக் காட்ட முடியும் என்பதை, நியூஜெர்சியின் மர்ரே ஹில்லில் உள்ள பெல் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் மோரிஸ் என்ற இளைஞர் 1985ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்தார். 1988ஆம் ஆண்டு இணையத்தை ஸ்தம்பிக்கவைத்த மோரிஸ் புழு என்ற நிரலை ஏவியவரும் இவரே. அதே ஆய்வுக்கூடத்தின் ஸ்டீவன் பெல்லோவின் 1989ஆம் ஆண்டில் இதனை மேலும் விரிவாக விளக்கினார். எச்சரிக்கைகள் இருந்தும், பழைய வழிகள் பல ஆண்டுகள் புழக்கத்தில் நீடித்தன.

தீர்வு ஃபின்லாந்திலிருந்து வந்தது. ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்கள் களவாடப்பட்டதை அடுத்து, அங்கிருந்த டாட்டு யுலோனென் 1995ஆம் ஆண்டு எஸ்எஸ்எச்சை உருவாக்கினார். எஃப்டிபிக்கு உரிய 21, டெல்நெட்டுக்கு உரிய 23 ஆகியவற்றுக்கு இடையே காலியாக இருந்த 22ஆம் எண் அதற்குக் கிடைத்தது.

இதில் இரு கணினிகளும், ஸ்டான்ஃபோர்டின் டிஃபி, ஹெல்மன் ஆகியோர் 1976ஆம் ஆண்டு வெளியிட்ட முறையின் வழிவந்த கணக்கைக் கொண்டு, இரகசியத் திறவுகோலை வலையில் அனுப்பாமலேயே தமக்குள் அமைத்துக்கொள்கின்றன. அதன் பின்னரே கடவுச்சொல்லோ கோப்போ செல்கிறது. எஸ்எஃப்டிபி என்பதும் இந்த இணைப்புக்குள் இயங்கும் தனி நெறிமுறைதான். பெயர் ஒத்திருந்தாலும், அது பழைய எஃப்டிபியின் திருத்திய வடிவம் அல்ல.

எதிர்முனையில் இருப்பது உரிய கணினிதானா என்பதை அறிய, முதல் இணைப்பின்போது அதன் திறவுகோலின் சுருக்கக் குறியீடு திரையில் காட்டப்படும். அதனை ஒப்பிட்டுப் பார்க்காமலே 'ஆம்' என்று தட்டிவிடுவோரே அதிகம் என்பது இத்துறையினர் அறிந்த பலவீனம்.

நெறிமுறை வலுவாக இருந்தாலும், அதனைச் செயற்படுத்தும் நிரலில் பிழை நேரலாம். டெக்சாஸின் ஆஸ்டினைத் தலைமையிடமாகக் கொண்ட சோலார்விண்ட்ஸின் 'சர்வ்-யூ' என்ற கோப்புப் பரிமாற்ற மென்பொருளில், எஸ்எஸ்எச் பகுதியில் இருந்த பிழை தாக்குதலுக்குப் பயன்படுத்தப்பட்டதை மைக்ரோசாஃப்ட் கண்டறிந்து தெரிவித்ததை அடுத்து, 2021ஆம் ஆண்டு ஜூலையில் அவசரத் திருத்தம் வெளியிடப்பட்டது.

எக்ஸ்இசட் விவகாரம் இன்னும் சிக்கலானது. பரவலாகப் பயன்படும் ஓபன்எஸ்எஸ்எச் மென்பொருள் தன்னளவில் எக்ஸ்இசட்டை நாடுவதில்லை. சில லினக்ஸ் வெளியீட்டாளர்கள் தம் வசதிக்காகச் சேர்த்த மாற்றமே இரண்டையும் மறைமுகமாக இணைத்தது. எக்ஸ்இசட்டை ஊதியமின்றித் தனியொருவராகப் பராமரித்துவந்தவர் லாஸ்ஸே காலின். 'ஜியா டான்' என்ற பெயரில் வந்த ஒருவர், இரண்டு ஆண்டுகளுக்கு மேல் உதவிகள் செய்து அவரது நம்பிக்கையைப் பெற்ற பிறகே பின்வாசலைப் பொருத்தினார்.

டெபியன், ஃபெடோரா ஆகியவற்றின் சோதனைப் பதிப்புகளை அது அடைந்திருந்தது. அவற்றின் நிலையான பதிப்புகளுக்குச் செல்லும் முன்னரே அகற்றப்பட்டது.